கேள்விக்கு முன் சொல்லவேண்டியவை: தீவகத்துச் சந்தேக நபரும் சட்ட உரிமைகளும்

நெடுந்தீவில் ஒருவரைப் பொலிஸார் கைது செய்யும்போது அவரிடம் கட்டாயம் சொல்லவேண்டியது என்று இலங்கை அரசியலமைப்பு வகுத்திருப்பது ஒன்றுதான்: கைதுக்கான காரணம். தம்மைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லத் தேவையில்லை, சட்டத்தரணி ஒருவரை அழைக்கலாம், எழுதிய வாக்குமூலத்தைத் தமக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டும்படி கேட்கலாம், குறித்த நேரத்துக்குள் நீதிவான் முன் நிறுத்தப்படவேண்டும். இவற்றையெல்லாம் முதற் கேள்விக்கு முன்னரே அவருக்கு எடுத்துச் சொல்லும்படி எந்தச் சட்டமும் பொலிஸாருக்குத் தெளிவாகக் கட்டளையிடவில்லை. உரிமைகளிற் பெரும்பாலானவை சட்டப் புத்தகங்களில் உண்டு. வெவ்வேறு ஆண்டுகளில் எழுதப்பட்ட வெவ்வேறு சட்டங்களில் அவை சிதறிக் கிடக்கின்றன. சட்டம் படித்தவர் தேடி எடுத்துக்கொள்வார். கடற்றொழிலாளியோ கூலித் தொழிலாளியோ எங்கே தேடுவார்?

உரிமையைத் தருவதும் உரிமையை அறிவிப்பதும் இரண்டு தனித்தனிக் கடமைகள். முதலாவதைப் பாதியளவுக்கேனும் இலங்கை நிறைவேற்றியிருக்கிறது. இரண்டாவதை இன்னும் ஏற்கவே இல்லை. இந்தக் குறை நாடு முழுவதற்கும் பொதுவானது. ஆனால் ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய தீவகப் பகுதிகளில் அதன் விளைவு கடுமையாகிறது. அதற்கான காரணங்களையும் செய்யக்கூடியவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கடலுக்கு அப்பால் நீதிமன்றம்

தீவகத்துக்குரிய நீதிவான் நீதிமன்றம் ஊர்காவற்றுறையில் இருக்கிறது. நெடுந்தீவில் பிடிபட்டவர் அங்கே போய்ச்சேர, முதலில் படகில் ஏறி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் வந்து குறிகாட்டுவானில் இறங்கவேண்டும். பின்னர் தரைவழியாகப் புங்குடுதீவு, வேலணை கடந்து போகவேண்டும். நயினாதீவிலிருந்து கடற்பயணம் குறுகியது. ஆயினும் படகில்லாமல் முடியாது. அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கும் இதே நிலைதான். சோளகக் காற்று எழும்பினாலோ வாடையில் கடல் கொந்தளித்தாலோ படகுச் சேவை நின்றுவிடும்.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37 ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணித்தியாலத்துக்கு மேல் தடுத்துவைக்கக்கூடாது என்கிறது. ஆனால் கைதான இடத்திலிருந்து நீதிவானிடம் போகும் பயண நேரம் இந்தக் கணக்கில் சேராது. யாழ்ப்பாண நகரத்தவருக்கு இந்த விலக்கு சில நிமிடங்களைத்தான் கூட்டும். நெடுந்தீவாருக்கு, கடல் மறித்தால், எவ்வளவு நேரம் கூடும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த நேரம் முழுவதும் அவர் பொலிஸாரின் கைக்குள் இருக்கிறார். அவருக்காகப் பேசக்கூடிய சட்டத்தரணி யாழ்ப்பாணத்திலிருந்தோ ஊர்காவற்றுறையிலிருந்தோ அதே கடலைத் தாண்டி வரவேண்டும்.

இந்தக் கடற்பரப்பில் ஆட்களை முதலில் பிடிப்பது பெரும்பாலும் கடற்படை. கேரளக் கஞ்சாக் கடத்தல், தடைசெய்யப்பட்ட மீன்பிடி, அனுமதியின்றிக் கடலட்டை பிடித்தல் என்று சந்தேகித்துக் கடலில் மறிக்கப்படுபவர், பிறகுதான் பொலிஸாரிடமோ உரிய திணைக்களத்திடமோ கையளிக்கப்படுகிறார். 24 மணித்தியாலக் கணக்கு தொடங்குவது கடலில் மறித்த கணத்திலிருந்து. பொலிஸ் நிலையப் புத்தகத்தில் பெயர் பதிந்த நேரத்திலிருந்து அல்ல. சட்டத்தின் சொற்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. பிடிபட்டவருக்குத்தான் இதை எவரும் சொல்வதில்லை.

இவ்வூர் மக்களின் நினைவில் இன்னொன்றும் உண்டு. 1990 ஓகஸ்ட்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளில் படையினரால் பிடித்துச் செல்லப்பட்ட பலர் வீடு திரும்பவேயில்லை. காரணம் சொல்லாமல், எங்கே கொண்டுபோகிறோம் என்று சொல்லாமல் பிடித்துச் செல்வது எதில் முடியும் என்பதைத் தீவகம் பட்டறிந்திருக்கிறது. கைதின்போது சொல்லப்படும் ஓரிரு வசனங்களை வெறும் சடங்காக இங்குள்ள எவரும் எடுத்துக்கொள்ள முடியாது.

சட்டம் எதைத் தருகிறது?

1978 அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை, சட்டம் வகுத்த நடைமுறையின்றி எவரையும் கைது செய்யலாகாது, கைதானவருக்குக் காரணம் அறிவிக்கப்படவேண்டும் என்கிறது. 13(2) நீதிபதி முன் நிறுத்துவதைக் கட்டாயமாக்குகிறது. 13(5) குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் நிரபராதியே என்று உறுதி சொல்கிறது. 11 ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடுக்கிறது. 13(3) சட்டத்தரணி மூலம் விசாரிக்கப்படும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, நீதிமன்ற விளக்கத்தில். பொலிஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் சந்தேக நபரைப் பற்றி அது வாய்திறக்கவில்லை.

காரணம் சொல்லும் கடமை இந்த அரசியலமைப்போடு பிறந்ததுமல்ல. பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1947 இல் கிறிஸ்ரி எதிர் லீச்சின்ஸ்கி வழக்கில் அதை வலியுறுத்தியது. 1951 இல் முத்துசாமி எதிர் கன்னங்கரா வழக்கில் நீதியரசர் கிரேஷன் அதே கோட்பாட்டை இலங்கையில் நிலைநாட்டினார். எதற்காகப் பிடிக்கப்படுகிறோம் என்று தெரியாதவரால் தம்மைத் தற்காத்துக்கொள்ள வழியில்லை என்பதே அதன் அடிப்படை.

மௌனம் காக்கும் உரிமையும் வேறு வடிவில் இருக்கிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவின்படி, பொலிஸார் விசாரிக்கும் ஒருவர் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லவேண்டும். ஆனால் தம்மைக் குற்றச்சாட்டுக்கு ஆளாக்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கட்டாயமில்லை. எழுதிய வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். எழுதிய மொழி அவருக்குத் தெரியாவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும். திருத்தவும் மேலும் சேர்க்கவும் இடம் கொடுக்கவேண்டும்.

1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்னொரு காவலைப் போட்டிருக்கிறது. அச்சுறுத்தியோ ஆசைகாட்டியோ பெற்ற குற்ற ஒப்புதல் செல்லாது என்கிறது 24 ஆம் பிரிவு. பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன ஒப்புதலை எதிராகக் காட்டலாகாது என்கிறது 25. பொலிஸ் காவலில் இருக்கையில் செய்த ஒப்புதல், நீதிவான் முன்னிலையில் செய்ததாயின் அன்றி, செல்லாது என்கிறது 26. பொலிஸார் மீது பிரித்தானிய ஆட்சியே கொண்டிருந்த அவநம்பிக்கையின் பதிவு இது. ஆனால் 27 ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது. சந்தேக நபர் சொன்னதைக் கொண்டு ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்பான அளவுக்கு அவருடைய சொல் சான்றாகும். ‘கத்தியை எங்கே போட்டாய்?’ என்ற கேள்விக்குப் பின்னால் இந்தப் பிரிவுதான் நிற்கிறது.

ஆக, இலங்கைச் சட்டம் சந்தேக நபரைப் பாதுகாக்கும் வேலையைப் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கே ஒதுக்கியிருக்கிறது. தவறாகப் பெற்ற வாக்குமூலத்தை மாதங்களோ ஆண்டுகளோ கழிந்த பின் நீதிபதி தள்ளிவைப்பார். அதற்குள் சந்தேக நபர் விளக்கமறியலில் கிடந்து, தொழிலை இழந்து, ஊராரின் பார்வையில் குற்றவாளியாகிவிடுவார். வருமுன் காக்கும் ஏற்பாடு இந்த அமைப்பில் மிகக் குறைவு.

சட்டத்தரணி வரலாம், ஆனால்...

பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணிக்கு இடமுண்டா என்ற கேள்வி நெடுங்காலம் இழுபட்டது. 2012 மே 18 இல் வெளியான வர்த்தமானி விதிகள், கட்சிக்காரர் சார்பில் பொலிஸ் நிலையத்தில் தோன்றும் உரிமையைச் சட்டத்தரணிகளுக்கு உறுதிப்படுத்தின. ஆனால் 2016 இல் குற்றவியல் நடவடிக்கைமுறையைத் திருத்த வந்த சட்டமூலம் ஒன்று, பொலிஸார் வாக்குமூலத்தை எடுத்து முடித்த பிறகே சந்தேக நபர் சட்டத்தரணியை அணுகலாம் என்று சொன்னது. இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் கடுமையாக எதிர்த்தன. அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆலோசனை அதிகம் தேவைப்படுவது வாக்குமூலத்துக்கு முன்னர்தான் என்பதை அந்த விவாதம் நாட்டுக்குத் தெளிவாக்கியது.

வலிந்து காணாமலாக்கப்படுவதிலிருந்து எல்லா ஆட்களையும் பாதுகாக்கும் 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், சுதந்திரம் பறிக்கப்பட்ட எவரும் உறவினரோடும் சட்டத்தரணியோடும் தொடர்புகொள்ளலாம் என்கிறது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், தமக்கெதிராகச் சாட்சி சொல்லவோ குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ குற்றம் சாட்டப்பட்டவரை நிர்ப்பந்திக்கலாகாது என்கிறது. இவை எல்லாம் நல்ல ஏற்பாடுகள். இவற்றை அறிந்தவர்கள் நெடுந்தீவில் எத்தனை பேர் இருப்பார்கள்?

‘ஒரு வாக்குமூலம் எடுக்கவேணும், வாங்கோ’

தீவகத்தில் கைது என்பது விலங்கு பூட்டுவதில் தொடங்குவது அரிது. ‘ஸ்டேசனுக்கு வந்திட்டுப் போங்கோ, ஒரு வாக்குமூலம் எடுக்கவேணும்’ என்ற அழைப்பில்தான் தொடங்கும். போனவர் இரவாகியும் திரும்பாவிட்டால் மனைவியும் தாயும் கிராம அலுவலரைத் தேடி ஓடுவார்கள். கைது செய்யவில்லை, விசாரணைக்குத்தான் அழைத்தோம் என்று பதில் வரும். கைதே இல்லையென்றால் காரணம் சொல்லவேண்டியதில்லை, மணிக்கணக்கும் தொடங்காது.

இந்த வாதத்துக்கு நமது உயர் நீதிமன்றமே முடிவு கட்டியிருக்கிறது. 1989 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் பதிவான நமசிவாயம் எதிர் குணவர்த்தன வழக்கில், பேருந்தில் போய்க்கொண்டிருந்த ஒருவரை விசாரணைக்காகப் பொலிஸ் நிலையத்துக்கு வரும்படி உத்தியோகத்தர் பணித்திருந்தார். அந்தப் பணிப்பே சட்டத்தின் கண்ணில் கைது என்று தலைமை நீதியரசர் சர்வானந்தா தீர்ப்பளித்தார். போக விரும்பாவிட்டாலும் போகாமலிருக்க முடியாத நிலை வந்துவிட்டால் அங்கே சுதந்திரம் பறிபோய்விட்டது. காரணம் சொல்லும் கடமையும் அக்கணமே எழுகிறது. இந்தத் தீர்ப்பு தீவகத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

பாதுகாப்பு மறையும் இடம்

மேலே சொன்ன காவல்களில் முக்கியமானவற்றை 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அகற்றியது. மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் 16 ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் செய்த ஒப்புதல் சான்றாகும். அது அச்சுறுத்திப் பெறப்பட்டது என்றால் அதை நிரூபிக்கும் சுமை சந்தேக நபர் தலையில். அமைச்சரின் கட்டளையால் 18 மாதம்வரை தடுத்துவைக்க முடிந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்து, சட்டத்தரணி அணுகலுக்கும் இடம் வைத்தது.

இதன் விளைவைச் சிங்கராசா வழக்கு உலகுக்குக் காட்டியது. 1993 இல் கைதான அவர், யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு முகாம்கள் மீதான தாக்குதல்கள் தொடர்பில், முழுக்க முழுக்க ஓர் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து 1995 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். தண்டனை 50 ஆண்டு. மேன்முறையீட்டில் 35 ஆக்கப்பட்டது. அவருக்குத் தெரிந்த மொழி தமிழ். விசாரணையில் மொழிபெயர்த்தவர் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரே. சுயாதீன மொழிபெயர்ப்பாளர் இல்லாததும், நிர்ப்பந்தத்தை நிரூபிக்கும் சுமையை அவர்மீது ஏற்றியதும் நீதியான விளக்கத்துக்கான உரிமையை மீறின என்று 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு முடிவுசெய்தது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அந்த முடிவுக்குச் செயல்வலு கொடுக்க மறுத்தது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான வழக்கு உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பேரறிவாளன் தந்த ஒப்புதல், அவருடைய தண்டனையின் தூணாக இருந்தது. அதைப் பதிவுசெய்த புலனாய்வு அதிகாரியே, பேரறிவாளனுக்குச் சாதகமான ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாகப் பல ஆண்டுகளுக்குப் பின் 2013 இல் வெளியில் சொன்னார். 2022 மே 18 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மூடிய அறையில், துணைக்கு ஒருவரும் இல்லாத மனிதர் சொன்னதாகப் பிறர் எழுதிய வசனங்கள் ஒரு வாழ்க்கையை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இந்த இரண்டு வழக்குகளே போதும்.

எந்த மொழியில்?

வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ் என்பது அரசியலமைப்பு சொல்வது. ஆனால் வழக்கு நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. பொலிஸ் நிலைய மேசையில் தொடங்குகிறது. அந்த மேசையில் தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லாதபோது வாக்குமூலம் சிங்களத்தில் ஏறுகிறது. சொன்னவர் தமிழில் கையெழுத்திடுகிறார். தாம் எதற்குக் கையெழுத்திட்டோம் என்பது அவருக்கே தெரியாது.

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் தன் அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் 24 மணித்தியாலமும் இருமொழி உத்தியோகத்தர் இருக்கவேண்டும், முறைப்பாடு செய்பவர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்க முடியவேண்டும் என்று பரிந்துரைத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுகள் பற்றி 2006 இல் வெளியாகி 2016 இல் மீண்டும் வெளியான சனாதிபதிப் பணிப்புரைகளும் கைதானவர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் எழுதும்படி கூறின. முறைப்பாட்டாளருக்குத் தேவையான மொழிப் பாதுகாப்பு சந்தேக நபருக்கு இன்னும் அதிகமாகத் தேவை. உரிமையை அவருக்கு விளங்காத மொழியில் அறிவித்தால் அறிவிக்காததற்குச் சமம்.

ஒரே கடல், இரண்டு நீதி

நெடுந்தீவுக் கடலில் கடற்படை பிடிக்கும் தமிழ்நாட்டு மீனவர்களும் பெரும்பாலும் ஊர்காவற்றுறை நீதிமன்றத்திலேயே நிறுத்தப்படுகிறார்கள். அவர்களுக்கு 1963 ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36 ஆம் உறுப்புரை துணையாக இருக்கிறது. கைதான வெளிநாட்டவர் தம் நாட்டுத் தூதரகத்தோடு தொடர்புகொள்ளலாம் என்பதோடு அது நிற்பதில்லை. அந்த உரிமை இருப்பதை அதிகாரிகள் அவருக்குத் தாமதமின்றி அறிவிக்கவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் 2019 இல் சர்வதேச நீதிமன்றம் பாகிஸ்தானிடம் கண்ட குற்றங்களில் ஒன்று, அவருடைய உரிமைகளை அவருக்கு அறிவிக்காதது. யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத்தூதரகம் இயங்குகிறது; பிடிபட்ட மீனவர்களை அதன் அலுவலர்கள் சென்று பார்ப்பதும் வழக்கம்.

அதே கடலில் பிடிபடும் நெடுந்தீவு மீனவருக்கு, உதவி கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்று சொல்லும் கடமை எவர்மீதும் சுமத்தப்படவில்லை. இந்திய மீனவருக்கு இருப்பதைக் குறைக்கவேண்டும் என்பது என் கருத்தல்ல. உரிமையை அறிவிக்கும் கடமை சட்ட உலகுக்குப் புதிதல்ல, அதை இலங்கை ஏற்கெனவே ஓர் உடன்படிக்கையில் ஏற்றிருக்கிறது என்பதையே இது காட்டுகிறது. சொந்த நாட்டு மக்களுக்கும் அதை நீட்டுவதுதான் மிச்சம்.

பிற நாடுகள் சென்ற வழி

இங்கிலாந்து நீதிபதிகள் 1912 இல் வகுத்த விதிகளிலேயே சந்தேக நபருக்கு முன்னறிவிப்புக் கொடுக்கும் வழக்கம் இடம்பெற்றது. 1966 ஜூன் 13 இல் மிராண்டா எதிர் அரிசோனா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாய விதியாக்கியது: காவலில் விசாரிப்பதற்கு முன், பேசாமல் இருக்கலாம், பேசினால் அது எதிராகப் பயன்படலாம், சட்டத்தரணி வைத்துக்கொள்ளலாம், வசதியில்லாவிட்டால் அரசு ஒருவரை அமர்த்தும் என்று சொல்லவேண்டும், சொல்லாமல் பெற்ற வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தன் வழக்கை நிறுவப் பயன்படுத்த முடியாது. கனடாவின் 1982 உரிமைச் சாசனம், சட்டத்தரணியை அமர்த்தும் உரிமையையும் அதைப் பற்றி அறிவிக்கப்படும் உரிமையையும் ஒரே வசனத்தில் வைத்தது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008 இல் சால்டுஸ் வழக்கில், முதலாவது பொலிஸ் விசாரணையிலிருந்தே சட்டத்தரணி அணுகல் வேண்டும் என்றது. அதன் பின் பிரான்ஸ் 2011 இல் தன் காவல் விசாரணைச் சட்டத்தை மாற்றியது. 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம், கைதானவர் கையில் உரிமைகளை எளிய மொழியில் எழுதிய கடிதம் ஒன்றைக் கொடுக்கும்படி உறுப்பு நாடுகளைப் பணித்தது. பிரித்தானிய அரசு அத்தகைய அறிவித்தலைத் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. புங்குடுதீவில் பிறந்து லண்டனில் வாழும் ஒருவர் அங்கே கைதானால் தம் உரிமைகளைத் தமிழில் வாசிக்கலாம். புங்குடுதீவில் தங்கிவிட்ட அவருடைய தம்பிக்கு அந்தத் தாள் இல்லை.

இந்தியாவில் டி.கே. பாசு வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் 11 விதிகளை வகுத்தது. பெயர்ப் பட்டி அணிந்த உத்தியோகத்தர், சாட்சி கையொப்பமிட்ட கைதுக் குறிப்பு, உறவினருக்கு அறிவித்தல், மருத்துவப் பரிசோதனை, விசாரணையின்போது சட்டத்தரணியைச் சந்தித்தல் முதலியவை அவற்றில் அடங்கும். 2025 நவம்பரில் அதே நீதிமன்றம், கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்கு விளங்கும் மொழியில் கொடுக்கவேண்டும் என்றது. ஆயினும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் வதைபட்டு இறந்தனர். உரிமைகளை எழுதிச் சுவரில் தொங்கவிட்டால் மட்டும் ஆள் பிழைக்கமாட்டார். சொன்னார்களா என்று கேட்டுச் சரிபார்க்கும் ஒருவர் வெளியிலிருந்து வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் எடுக்கவேண்டிய படிப்பினை.

நமக்கருகிலேயே அந்தப் படிப்பினை இருக்கிறது. சுன்னாகத்தில் 2011 இல் பொலிஸ் காவலில் இளைஞர் ஒருவர் இறந்த வழக்கில், 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் சித்திரவதைக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 2023 நவம்பரில், திருட்டுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் பிடிக்கப்பட்ட சித்தங்கேணி இளைஞர் ஒருவர் இறந்தார். தமக்கு நேர்ந்ததை அவர் இறப்பதற்கு முன்பே சொன்ன காணொளி ஊரெங்கும் பரவியது. பொலிஸார் சிலர் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். இரண்டு இடத்திலும் தண்டனைச் சட்டம் இருந்தது. பொலிஸ் பிடியில் ஆள் வதைபட்டபோது தடுத்து நிறுத்த மூன்றாமவர் ஒருவர் இல்லை.

‘கொலைகாரனுக்கு எதற்கு உரிமை?’

இந்த எதிர்க்கேள்வியைத் தட்டிவிட முடியாது. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குச் சென்ற மாணவி கொடூரமாகக் கொல்லப்பட்டபோது தீவகமும் குடாநாடும் கொதித்தெழுந்தன. மே 20 இல் யாழ்ப்பாண நீதிமன்றம்மீதே கல் வீசப்பட்டது. 2023 ஏப்ரல் 22 இல் நெடுந்தீவில் ஒரே வீட்டில் ஐந்து முதியவர்கள் கொல்லப்பட்டுக் கிடந்தபோதும் மக்கள் மனம் பதறியது. அத்தகைய நாட்களில் சந்தேக நபரின் உரிமையைப் பற்றிப் பேசுபவர் கல்நெஞ்சராகவே தோன்றுவார்.

ஆனால் புங்குடுதீவு வழக்கு முடிந்த விதத்தைப் பாருங்கள். மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் 2017 செப்டெம்பர் 27 இல் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. இருவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. கூட்டத்தின் கையில் விட்டிருந்தால் ஒன்பது பேரும் ஒரே முடிவைக் கண்டிருப்பார்கள். இந்த வழக்கில் நீதிக்குக் குறுக்கே வந்தது சந்தேக நபரின் உரிமையா? முக்கிய சந்தேக நபர் தப்பிப் போக உதவியதாக உயர் பொலிஸ் அதிகாரி ஒருவரே 2017 இல் கைதானார்; 2025 பெப்ரவரியில் சிறைத்தண்டனையும் பெற்றார். அரிசோனாவின் மிராண்டாவும் தப்பிவிடவில்லை. அவருடைய ஒப்புதல் இல்லாமலே 1967 இல் மீண்டும் விசாரித்து அவரைக் குற்றவாளியாகக் கண்டார்கள்.

அடித்துப் பெற்ற ஒப்புதலோடு விசாரணை முடிந்துவிட்டதென்று பொலிஸார் கருதினால் தடயம் தேடுவது நின்றுவிடும். பிழையான ஆள் உள்ளே இருக்கும்வரை உண்மையான கொலைகாரன் வெளியே இருப்பான். உரிமைகளைச் சொல்லிவிட்டு விசாரிக்கும் பொலிஸார் சான்று தேடி உழைக்கவேண்டியிருக்கும். கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு நிலைக்கும் தீர்ப்பைத் தருவது அந்த உழைப்புத்தான்.

செய்யவேண்டியவை

முதலாவது, ஓர் உரிமைத் தாள். முதற் கேள்விக்கு முன் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சந்தேக நபருக்கு விளங்கும் மொழியில் வாய்விட்டு வாசிக்கவேண்டும். நேரம் குறித்துக் கையெழுத்து வாங்கவேண்டும். ஒரு பிரதியை அவரிடமும் இன்னொன்றை வீட்டாரிடமும் கொடுக்கவேண்டும். அதில் இவ்வளவு போதும்:

‘நீங்கள் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள். காரணம் இது. உங்களைக் குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. பேசுவதற்கு முன் சட்டத்தரணியோடு கதைக்கலாம். வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி கேட்கலாம். உங்கள் வீட்டாருக்கு அறிவிக்கலாம். உங்கள் மொழியில் வாக்குமூலம் கொடுக்கலாம். வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்து வைக்கவேண்டாம். உங்களை அடிக்கவோ வெருட்டவோ எவருக்கும் உரிமையில்லை. நீங்கள் பிடிக்கப்பட்ட நேரம் இது. நீதிவான் முன் கொண்டுபோகவேண்டிய நேரம் இது.’

இரண்டாவது, தீவகத்துக்கென்று நேரப் பதிவேடு. கடலில் மறித்த நேரம், கரையிறங்கிய நேரம், கையளித்த நேரம், படகு புறப்பட்ட நேரம் யாவும் எழுதப்படவேண்டும். கடல் மறித்ததால் தாமதம் என்றால் அதையும் எழுதி நீதிவானுக்குக் காட்டவேண்டும்.

மூன்றாவது, தொலைபேசி வழியாகச் சட்ட ஆலோசனை. நெடுந்தீவுக்கு நள்ளிரவில் சட்டத்தரணி வரமுடியாது; அவருடைய குரல் வரலாம். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, யாழ்ப்பாணச் சட்டத்தரணிகளோடு சேர்ந்து முறைவைத்து இதைச் செய்யலாம்.

நான்காவது, நீதிவானின் கேள்வி. சந்தேக நபர் முதன்முறை நிறுத்தப்படும்போது, எப்போது பிடித்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எந்த மொழியில் எழுதினார்கள், யாராவது அடித்தார்களா என்று பொலிஸாரை விலக்கிவைத்து நீதிவான் கேட்கவேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

ஐந்தாவது, விளைவு. உரிமைகளை அறிவிக்காமல் பெற்ற வாக்குமூலத்தையும், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 27 ஆம் பிரிவின்கீழ் அதைக்கொண்டு காட்டப்படும் கூற்றையும் சான்றாக ஏற்கலாகாது என்று பாராளுமன்றம் சட்டக்கோவையில் எழுதவேண்டும். விளைவு இல்லாத கடமையை எவரும் நீண்ட நாள் மதிக்கமாட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு நீடிக்கும்வரை இந்தச் சீர்திருத்தம் அரைகுறையாகவே இருக்கும், அதுவும் போகவேண்டும்.

முதல் நான்கையும் பொலிஸ் மா அதிபரின் சுற்றறிக்கை, நீதிச்சேவையின் வழிகாட்டல், சட்டத்தரணிகளின் முன்வருகை ஆகியவற்றால் இந்த ஆண்டே தொடங்கலாம். ஊர்காவற்றுறை நீதிமன்ற எல்லையை முன்னோடிப் பகுதியாக எடுத்தால் அதன் பயனை விரைவில் காணலாம்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பாடசாலைகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் ஆலயங்களும் மேலேயுள்ள வசனங்களை அச்சடித்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கட்டும். பொலிஸார் அழைத்துப் போனால் போனவரின் பெயர், அழைத்தவரின் பெயர், நேரம் ஆகியவற்றை வீட்டார் உடனே எழுதிவைக்கவேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கத் தயங்கவேண்டாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம் என்பதை நினைவில் வைத்திருங்கள். அரசு சொல்லத் தவறுவதை, அது சொல்லத் தொடங்கும் நாள்வரை, நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்போம்.